கிராஃப்ட், களிமண், நடிப்பு, அட்டை ஆட்டம்: எந்தப் பாடத்துக்கு எதை எடுப்பது?

பிள்ளைகளுக்குப் பாடத்தைச் சுவாரசியமாக நடத்த என்ன ஆக்டிவிட்டி வைக்கலாம் என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு ஐடியாப் பஞ்சம் கிடையாது, ஐடியா அளவுக்கு மீறிக் குவிந்துவிட்டதுதான் தொல்லை. தேடினால் நூறு வீடியோ வருகிறது. நூறும் அழகாக இருக்கிறது, எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு குழந்தை எதையோ தூக்கிக் காட்டிச் சிரிக்கிறது. நாளைக்குப் பின்னம் நடத்த வேண்டும், கையில் நாற்பது நிமிஷம்தான் இருக்கிறது, எதிரே பன்னிரண்டு பிள்ளைகள், இதற்கு எதை எடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் அந்த நூறில் பதில் இருக்காது.

ஆகவே இங்கே இன்னொரு ஐடியாப் பட்டியல் போடப் போவதில்லை. எப்படிச் சுற்றி வந்தாலும் எல்லாம் நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: தாளை மடித்து, வெட்டி, ஒட்டுவது, களிமண்ணோ மாவோ பிசைந்து செய்வது, கதையாக்கி நடிப்பது, அட்டை அல்லது பலகை வைத்து ஆடுவது. ஐந்தாவதாகப் படம் வரைவதையும் சேர்த்துக்கொள்ளலாம், அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்பதாலேயே. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனசில் வைத்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: கை வேலை செய்துகொண்டிருக்கும்போது பிள்ளையின் மனசு எதில் இருக்கிறது? ஓர் ஆக்டிவிட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைத் தலைக்குள் நிமிஷம் நிமிஷமாக ஓட்டிப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுற்றைக் காகிதத் தட்டில் ஒட்டிக் காட்டும் அந்தப் பிரபலமான கிராஃப்டையே எடுத்துக்கொள்வோம். நாற்பது நிமிஷத்தில் முப்பது நிமிஷம் அந்தப் பிள்ளை யோசித்தது பசை காய்ந்துவிட்டதா, பச்சை ஸ்கெட்ச் யாரிடம் இருக்கிறது, ஜிகினா என் முறை வரும்வரை மிஞ்சுமா என்பதைத்தான். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்ற வரிசை தலைக்குள் வந்துபோனது நீங்கள் வாயால் சொன்ன அந்த ஒரு நிமிஷம் மட்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல கைவேலை வகுப்பு. அதை அறிவியல் வகுப்பு என்று கணக்கு எழுதிக்கொள்வதுதான் சிக்கல்.

அடுத்து, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் செய்ய, பதினோரு பேர் வேடிக்கை பார்த்தால் அது பதினோரு பேருக்கு வகுப்பே இல்லை. அப்புறம், தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளை உங்கள் கண்ணில் படுமா? சில ஆக்டிவிட்டிகளில் எல்லாரும் அழகாக முடித்துவிடுவார்கள், யாருக்குப் புரிந்தது யாருக்குப் புரியவில்லை என்று ஒன்றுமே தெரியாது.

ஏற்பாட்டு நேரத்தையும் சுத்தம் செய்யும் நேரத்தையும் கணக்கில் சேர்க்காதவர்கள் உற்சாகமாக ஆரம்பித்து மூன்றாவது வாரமே பழையபடி புத்தகத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கடைசியாக, ஒருமுறை செய்து வைத்தால் மறுபடி பயன்படுமா என்பது.

அழகு இந்தப் பட்டியலில் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். 2014இல் அமெரிக்காவில் ஃபிஷர், காட்வின், செல்ட்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரே சிறுவர்களுக்கு, சுவர் முழுக்கப் படம் ஒட்டிய அறையிலும் வெறும் சுவருள்ள அறையிலும் அறிவியல் பாடங்கள் நடத்திப் பார்த்தார்கள். அலங்கார அறையில் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைவு. நாம் மெனக்கெட்டு ஒட்டும் சார்ட் எல்லாம் பிள்ளையின் கண்ணுக்குப் போட்டியாக நிற்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

| | ஏற்பாடு | சுத்தம் செய்வது | ஒரே நேரத்தில் எத்தனை பேர் | தப்பு கண்ணில் படுமா | மறுபயன் |
|---|---|---|---|---|---|
| தாள் மடிப்பு | மிகக் குறைவு | இல்லை | எல்லாரும் | உடனே படும் | தாள் புதிதாக வேண்டும் |
| வெட்டி ஒட்டுதல் | அதிகம் | அதிகம் | எல்லாரும் (பாதி நேரம் காத்திருப்பு) | பெரும்பாலும் படாது | இல்லை |
| களிமண், மாவு | நடுத்தரம் | மிக அதிகம் | எல்லாரும் | பாடத்தைப் பொறுத்தது | எண்ணெய்க் களிமண் மட்டும் நெடுநாள் |
| நடிப்பு | பொருள் வேண்டாம், யோசிக்க நேரம் வேண்டும் | இல்லை | வேடம் பிரிப்பதைப் பொறுத்தது | நிறுத்திக் கேட்டால் படும் | கதை மறுபடி ஓடும் |
| அட்டை, பலகை | முதல் தடவை மிக அதிகம் | இல்லை | இரண்டு இரண்டு பேராகப் பிரித்தால் எல்லாரும் | ஒவ்வொரு முறையும் | வருஷக்கணக்கில் |
| வரைதல் | இல்லை | இல்லை | எல்லாரும் | உடனே படும் | பழைய படத்தோடு ஒப்பிடலாம் |

## தாள்

மடிப்பதையும் ஒட்டுவதையும் ஒரே கிராஃப்ட் என்று சேர்த்துப் பேசுவது வழக்கம், ஆனால் பாடம் என்று வந்தால் இரண்டும் வேறு வேறு. மடிப்பில் கை செய்வதும் மனசு செய்வதும் ஒன்றே. பாதியாக மடி என்றால் பிள்ளை பாதியைப் பற்றித்தான் யோசித்தாக வேண்டும், வேறு வழியே இல்லை.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காகித மடிப்பைப் பிள்ளைகளின் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தார். அந்தக் கிண்டர்கார்டன் பொருட்களிலிருந்து தூண்டுதல் பெற்று, சுந்தர ராவ் என்பவர் 1893இல் சென்னையில் ஒரு புத்தகம் வெளியிட்டார்: அளவுகோலும் கவராயமும் இல்லாமல், தாளை மடித்தே வடிவியலை எப்படிக் கற்பிப்பது என்று. அது பிறகு உலகம் சுற்றிய புத்தகம்.

பின்னத்துக்கு இப்படிச் செய்யலாம். ஒரு ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், நீளவாக்கில் மூன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டினால் சரியாக ஆறு பட்டைகள். முழுசு, இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, ஆக ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். ஒரு பட்டையை ஒருமுறை மடித்தால் இரண்டு பங்கு, மறுபடி மடித்தால் நான்கு. மூன்றாவது மடிப்பு மடித்ததும் பிரிக்க விடாமல் நிறுத்தி, இப்போது எத்தனை பங்கு இருக்கும் என்று கேளுங்கள். ஆறு என்று பல குரல் வரும், ஏனென்றால் இரண்டு, நாலு, ஆறு என்று மனசு ஓடுகிறது. பிரித்துப் பார்த்தால் எட்டு. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு பேர் ஏழு என்று அடம்பிடிப்பார்கள், விரல் வைத்து எண்ணிக் காட்டச் சொன்னால் பங்குகளை விட்டுவிட்டு மடிப்புக் கோடுகளை எண்ணியிருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்று அந்த இடத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். எந்த ஒர்க்‌ஷீட்டும் இதை இவ்வளவு சீக்கிரம் காட்டித் தராது.

மூன்றில் ஒன்று கொஞ்சம் படுத்தும். விசிறி மடிப்பாகத் தளர்வாக மடித்து, மூன்றும் சமமாகும்வரை நகர்த்தி, அப்புறம் அழுத்தச் சொல்லுங்கள். பிறகு அதை நான்கில் ஒன்றுக்குப் பக்கத்தில் வைக்கும்போது, நாலு பெரிசு ஆகவே நாலில் ஒன்றுதான் பெரிசு என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் மௌனமாகிவிடுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணமில்லை, விரல்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடிக்க வராது. பாதி சமமாக வராவிட்டால் பின்னமே கெட்டுவிடும் (அதை வைத்துக்கொண்டே ‘இது பாதியா, இல்லையா’ என்று பேசவும் செய்யலாம் என்பது வேறு விஷயம்). ஏழெட்டு வயதுக்கு மேல் இந்தத் தொல்லை இல்லை. பெரிய பிள்ளைகள் சீக்கிரம் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு தாளை எத்தனை தடவை பாதியாக மடிக்க முடியும் என்று விடுங்கள். ஏழாவது மடிப்பில் 128 அடுக்கு, சாதாரணத் தாளில் அநேகமாக அதோடு நின்றுவிடும். 2002இல் கலிஃபோர்னியாவில் பிரிட்னி கலிவன் என்ற பள்ளி மாணவி மிக நீளமான டாய்லெட் பேப்பர் சுருளைப் பன்னிரண்டு தடவை மடித்துக் காட்டினார், அதற்கான கணக்கையும் தானே போட்டு.

வெட்டி ஒட்டுவதற்கு வருவோம். இதில் ஒரே ஒரு கேள்விதான்: பசை தடவும் முன் எங்கே ஒட்டுவது என்று பிள்ளை யோசிக்க வேண்டியிருக்கிறதா? உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டு பத்தி போட்டு, நெருப்பு, விதை, முட்டை, மேகம், உதிர்ந்த இலை ஆகிய படங்களைக் கொடுத்தால் ஒவ்வொரு படமும் ஒரு சண்டை. அது பாடம். ஏற்கெனவே வரைந்திருக்கும் கோட்டுக்குள் ஒட்டு என்றால் அது பொழுதுபோக்கு. பசையைக் கடைசி ஐந்து நிமிஷம் வரை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். படங்களை மேசைமேல் வைத்து நகர்த்தி வாதாடட்டும், முடிவான பிறகு ஒட்டட்டும். ஒட்டிய பிறகு எந்தப் பிள்ளையும் மனசை மாற்றிக்கொள்ளாது.

கத்தரிக்கோல் வாங்கும்போது இடதுகைக்காரப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்றிரண்டு வாங்கிவிடுங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடதுகையில் பிடித்தால் வெட்டும் கோட்டையே அலகு மறைத்துவிடும், அந்தப் பிள்ளைக்குக் கைவேலை வராது என்று எல்லாரும் முடிவுகட்டிவிடுவார்கள்.

## களிமண், மாவு

பிள்ளைகளுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும், பெரியவர்களுக்கு இதுதான் அதிகம் பயம். பயத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. நாற்பது நிமிஷ வகுப்பில் கொடுக்கப் பத்து நிமிஷம், திரும்ப வாங்கிக் கை கழுவப் பத்து நிமிஷம் போய்விடும். மீதி இருபதுக்குள் பாடம். வாரம் ஒருமுறை மட்டும் பார்க்கும் பிள்ளைகள் என்றால் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

எந்தக் களிமண் என்பதும் முக்கியம். மண்ணாலான களிமண் காய்ந்து வெடிக்கும். அது சீக்கிரம் காய்வது பொறுக்காமல்தான் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர் 1897 வாக்கில் காயாத எண்ணெய்க் களிமண்ணான பிளாஸ்டிசினை உருவாக்கினார். மென்மையான பிளே-டோ முதலில் சுவர்த்தாளைச் சுத்தம் செய்ய விற்ற பொருள், 1950களின் நடுவில்தான் விளையாட்டுச் சாமானாக மாறியது. இரண்டு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து நாமே பிசைந்தும் கொள்ளலாம். ஆனால் கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்று இருந்தாலும் மாவும் கூடாது, பிளே-டோவும் கூடாது, அதிலும் கோதுமைதான் இருக்கிறது. எண்ணெய் சேர்ந்த பிளாஸ்டிசின் தரை விரிப்பில் ஒட்டினால் போகாது. கலர் கலராக வாங்கினால் இரண்டாவது தடவையிலேயே எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும், ஆகவே ஒரே கலரில் மொத்தமாக வாங்குவதே மேல்.

சரி, இவ்வளவு தொல்லைக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? சில பாடங்களுக்குக் களிமண்ணை விட்டால் வேறு வழியே இல்லை.

ஒன்று, மிதப்பதும் மூழ்குவதும். ஓர் உருண்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதே உருண்டையைத் தட்டையாக்கி விளிம்பு தூக்கிப் படகாக்கினால் மிதக்கும். கனமானது மூழ்கும் என்று சாதித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு எடை மாறவே இல்லை என்பது கையிலேயே இருக்கிறது. (எண்ணெய்க் களிமண்தான் வேண்டும், மாவு தண்ணீரில் கரைந்து குழம்பாகிவிடும்.)

இன்னொன்று, மலைகளின் உயரக் கோடுகள். நிலப்படத்தில் வளைந்து வளைந்து போகும் அந்தக் கோடுகளை வாயால் விளக்கி முடியாது. களிமண்ணில் ஒரு குன்று செய்து, இழுத்துப் பிடித்த நூலால் ஒவ்வோர் உயரத்திலும் கிடையாக வெட்டி, ஒவ்வோர் அடுக்கையும் ஒரே தாளில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டால் நிலப்படம் தானாக வந்துவிடும். செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளே காரணம் சொல்வார்கள். நூல் கையில் இருக்கும்போதே ஒரு கனசதுரத்தின் மூலையையும் சீவச் சொல்லுங்கள், உள்ளே முக்கோணம் தெரியும், யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எழுத்துப் பழகக் களிமண் வைப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு இதில் அரை மனசுதான். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று சுழி என்று உருவத்தைப் பிரித்துப் பார்க்க நன்றாக உதவும். ஆனால் களிமண் கயிற்றை எந்த முனையிலிருந்தும் வளைக்கலாம், பேனாவுக்கு அப்படி இல்லை, எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கம் திரும்புவது என்பதே எழுதக் கற்பதில் பாதி. அதற்கு மணல் தட்டில் விரலால் எழுதுவது மேல், சுத்தம் செய்யும் வேலையும் குறைவு.

## கதையும் நடிப்பும்

பொருளே வேண்டாம் என்பதால் இது இலவசம் என்று தோன்றும். செலவு வேறு இடத்தில் இருக்கிறது: வேடங்களை நீங்கள் முந்தின நாளே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசிக்காமல் இறங்கினால் வாயாடிகள் இரண்டு பேர் நடிப்பார்கள், மற்றவர்கள் மரமாக நிற்பார்கள்.

நீர்ச் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகச் செய்வது ஒரு பிள்ளைக்குச் சூரியன் முகமூடி மாட்டி நடுவில் நிறுத்துவது. அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது நிற்பதை மட்டும். சூரியனை ஒரு டார்ச் லைட் பார்த்துக்கொள்ளும். தரையில் ஒரு கோடு போட்டு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வானம் என்று வையுங்கள். பெரும்பாலோர் நீர்த்துளிகள், இரண்டு மூன்று பேர் உப்பு, துளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வெளிச்சம் பட்ட துளி உப்பின் கையை விட்டுவிட்டுத்தான் மேலே போக முடியும். உப்புக்கு மேலே வர அனுமதி இல்லை. மழைநீர் ஏன் கரிப்பதில்லை என்று பிறகு கேளுங்கள், முதலில் கை தூக்குவது உப்பாக நின்ற பிள்ளையாகத்தான் இருக்கும்.

அப்புறம் இன்னொரு வேடம், தூசி. மேகம் என்பது ஆவி என்றே பெரியவர்களில் பலரும் நினைக்கிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகமாகத் தெரிவது காற்றிலுள்ள நுண்ணிய தூசியைச் சுற்றிக் குளிர்ந்து திரண்ட சின்னச் சின்னத் துளிகள். ஆகவே வானத்தில் இரண்டு மூன்று பேர் தூசியாக அசையாமல் நிற்கட்டும், சிதறித் திரியும் ஆவிகள் அவர்களைச் சுற்றிச் சேர்ந்தால்தான் மேகம். கூச்சப்படும் பிள்ளைக்கு இதைக் கொடுங்கள், பேச வேண்டாம், ஆனால் அவன் இல்லாமல் மழை வராது.

நடுநடுவே ‘நில்’ என்று நிறுத்தி யாரையாவது கேட்க வேண்டும்: இப்போது நீ எங்கே இருக்கிறாய், உனக்கு என்ன ஆயிற்று? இந்தக் கேள்வி இல்லாவிட்டால் ஓடிப்பிடித்து விளையாடியதாகத்தான் முடியும். ஆபத்து ஒன்றும் உண்டு, துளிக்கு ஆசை இருக்கிறது, வானத்துக்குப் போக விரும்புகிறது என்ற மாதிரிப் பேச்சு சுலபமாக ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் அதை ஒரு வாக்கியத்தில் உடைத்துவிடுங்கள்.

மொழிப் பாடத்துக்கு வேறொரு வழி. சிகாகோவில் பாலர் வகுப்பு எடுத்த விவியன் பேலி, பிள்ளைகளைக் கதை சொல்ல வைத்து, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டு, அந்தக் கதையை வகுப்பே நடிக்கச் செய்தார். எழுதத் தெரியாத வயதில் தன் வாக்கியம் தாளில் நின்று, பிறகு பத்துப் பேரை அசைய வைப்பதைப் பிள்ளை பார்க்கிறது. எழுத்து எதற்கு என்பதை இதைவிட நேரடியாகக் காட்ட முடியாது. கதை எதுவும் வரவில்லை என்றால் இத்தாலிய எழுத்தாளர் ஜானி ரொடாரி சொன்ன உத்தி இருக்கிறது: சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை எடுத்து மோத விடுவது. ‘நாய்’ என்றால் ஒன்றும் வராது, ‘நாய், அலமாரி’ என்றால் உடனே வரும்.

சத்தம் வரும். பக்கத்து அறையில் பரீட்சை நடக்கும் நாளில் இதை வைக்காதீர்கள்.

## அட்டையும் பலகையும்

பயிற்சி தேவைப்படும் எல்லாவற்றுக்கும் இதுதான். வாய்ப்பாடு, எழுத்துச் சேர்த்துப் படிப்பது, சொற்கள், பின்னங்களில் எது பெரிது. ஒரே விஷயத்தை முப்பது தடவை செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளையும் செய்யாது, ஆட்டத்தில் கேட்காமலே செய்யும்.

எந்தப் பலகை என்பதில் சூட்சுமம் இருக்கிறது. கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களின் பாலர் வகுப்புப் பிள்ளைகள், ஒன்று முதல் பத்துவரை ஒரே வரிசையில் கட்டம் போட்ட பலகையில் இரண்டு வாரத்தில் நான்கு தடவை, தடவைக்குக் கால்மணி நேரம் போல ஆடினார்கள். எண்ணறிவு நன்றாக ஏறியது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் கலர் போட்டு ஆடியவர்களுக்கு ஏறவில்லை. அடுத்த ஆய்வில் வட்டமாகக் கட்டம் போட்ட பலகையும் அந்த அளவுக்கு உதவவில்லை என்று தெரிந்தது. எண் பெரிதாகப் பெரிதாகக் காய் ஒரே திசையில் தூரம் போவதுதான் வேலை செய்கிறது. பாம்பு ஏணிப் பலகையில் ஒரு வரிசை வலப்பக்கம், அடுத்த வரிசை இடப்பக்கம் என்று எண்கள் திரும்பித் திரும்பி ஓடுவதை யோசித்துப் பாருங்கள், ஐந்து வயதுக்கு அது முதல் பலகை இல்லை.

இன்னொன்று, சாமான் ரொம்ப நிஜமாக இருக்க வேண்டியதில்லை. 2009இல் நிக்கோல் மெக்நீல் குழுவினர், பணக் கணக்குகளைத் தீர்க்க ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நோட்டும் நாணயமும் கொடுத்துப் பார்த்தார்கள். அசல் மாதிரியே அச்சிட்டதை வைத்திருந்தவர்கள் வெறும் எண் எழுதியதை வைத்திருந்தவர்களைவிட அதிகம் தப்புச் செய்தார்கள், ஆனால் அந்தத் தப்புகளில் கணக்கையே புரிந்துகொள்ளாத வகை குறைவு. அதாவது முதலில் புரிய வைக்க நிஜப் பொருள், பிறகு பயிற்சிக்கு வெறும் அட்டை.

செலவு முதல் மாலையில் மொத்தமாக வந்துவிடும். நாற்பது அட்டை வெட்டி எழுதக் கை ஓய்ந்துபோகும், ஆனால் அப்புறம் வருஷக்கணக்கில் தொட வேண்டாம். வெளியே தெரியாத செலவு காத்திருப்பு. ஆறு பேர் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் ஆறில் ஐந்து பங்கு நேரம் பகடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு இரண்டு பேராக, ஆளுக்கு ஒரு சின்னக் கட்டு என்று பிரித்துவிடுங்கள். யார் முதலில் கத்துகிறார்களோ அவருக்குப் புள்ளி என்ற ஆட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு அது பாராட்டு விழா, தெரியாத பிள்ளை இரண்டாவது சுற்றிலேயே யோசிப்பதை நிறுத்திவிடும்.

ஜெயித்தவருக்குப் பரிசு வைக்கலாமா என்று கேட்பீர்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, அப்படியே தந்தார்கள். பிறகு தாராளமாக விட்டபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பிடித்த வேலைக்குக் கூலி பேசக் கூடாது, அவ்வளவுதான்.

## வரைதல்

ஐந்து நிமிஷம், பென்சில், வெறும் தாள், கலர் கிடையாது. பாடம் ஆரம்பிக்கும் முன் ‘விதைக்குள் என்ன இருக்கும், வரை’. பாடம் முடிந்ததும் அதே தாளின் மறுபக்கத்தில் மறுபடி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த ஆய்வில், சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிட வரைந்து பார்த்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள், ஆனாலும் வகுப்பில் பார்ப்பது அதோடு ஒத்துப்போகிறது. கலர் கொடுத்த நிமிஷமே ஓரத்தில் பூ போடும் வேலை ஆரம்பித்துவிடும். எனக்கு வரைய வராது என்று முகம் திருப்பும் பிள்ளைக்கு, நீங்களே பலகையில் மோசமாக ஒன்று வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டினால் போதும்.

## உங்கள் நிலைமை எது?

வீட்டில் ஒரே பிள்ளை என்றால் களிமண்ணுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது, காத்திருப்பும் இல்லை, கழுவுவதும் ஒரு ஜோடிக் கைதான். நடிப்பு மட்டும் ஆள் பற்றாமல் தடுமாறும்.

முப்பது பேருக்கு மேல் இருக்கும் வகுப்புக்கு மடிப்பும் வரைதலும். நடிப்பு வேண்டுமென்றால் பாதிப்பேர் நடிக்க, பாதிப்பேர் கையில் தாளோடு ‘எங்கே தப்பு நடந்தது’ என்று குறிக்கட்டும், பிறகு மாற்றுங்கள். பல வயதுப் பிள்ளைகள் கலந்திருந்தால் கதைதான் சுலபம், சின்னது சொல்லும், பெரியது எழுதும். திரை வழியாக நடத்துபவர்களுக்கு மடிப்புப் பட்டைகள் நன்றாக வேலை செய்யும், கேமரா முன் தூக்கிக் காட்டச் சொன்னால் எல்லாருடையதும் ஒரே பார்வையில் தெரியும். புதுப் பாடம் ஆரம்பிக்கும் நாளில் அட்டை ஆட்டம் வேண்டாம், அது தெரிந்ததை உறுதியாக்குமே தவிர தெரியாததைப் புரிய வைக்காது. பாடம் முடிந்து ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து எடுங்கள்.

பெற்றோர் பார்க்க வரும் நாள் ஒன்று எல்லாருக்கும் வரும். அன்று சுவரில் ஏதாவது தொங்கத்தான் வேண்டும், ஜிகினாவும் வேண்டும், மறுக்க முடியாது. அந்த வண்ணத்துப்பூச்சித் தட்டை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, மாதிரி எதுவும் காட்டாமல், முட்டையிலிருந்து வரிசையாக என்னென்ன வரும் என்று அவர்களையே ஞாபகப்படுத்திச் செய்யச் சொல்லி. கூட்டுப்புழுவை விட்டுவிட்ட தட்டு ஒன்றிரண்டு வரும், அதையும் அப்படியே மாட்டிவிட்டு, அந்தப் பிள்ளைகளின் பெயரை மறுநாள் வகுப்புக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.